எங்கிருந்து அளந்த 10? ஃப்ரீகேட் 1.0-ல் பைதான் ஸ்கிரிப்ட்: ஒரு மதிப்பீடு

முப்பரிமாணப் பாகங்களை வரையும் இலவச மென்பொருளான ஃப்ரீகேட்டின் 1.0 பதிப்பு 2024 நவம்பர் 18 அன்று வெளிவந்தபோது பேச்செல்லாம் இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருந்தது. ஒன்று, மென்பொருளோடு சேர்ந்தே வந்த, பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் அசெம்ப்ளி வொர்க்பெஞ்ச் (கருவித்தொகுப்பு). இன்னொன்று, முகங்களின் எண் மாறி மாடல் உடைந்துபோகும் பழைய தொல்லை குறைந்தது. மவுஸால் வரைகிறவர்களுக்கு இரண்டுமே பெரிய விஷயங்கள்தான். பைதானில் எழுதி வரைகிறவர்களுக்கு அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்டில் 10 என்று எழுதினால், அது எங்கிருந்து அளந்த 10?

கையால் வரையும்போது துளை தப்பான இடத்தில் விழுந்தால் உடனே கண்ணில் படும், இழுத்து வைத்துவிடலாம். ஸ்கிரிப்டுக்குக் கண் கிடையாது. துளை 30 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பிழைச்செய்தி வராது. தகட்டுக்கு வெளியே காற்றில் ஒரு உருளையைக் கழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். அதனால் இந்த மதிப்பீடு ஆதிப்புள்ளி (எல்லா அளவும் தொடங்கும் 0, 0, 0) ஒன்றை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃப்ரீகேட்டின் கணக்கு சரியாக இருக்கிறது. தேவையான கருவிகள் எல்லாம் இருக்கின்றன. காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எண்ணைக் கையில் கொடுக்கும்போது, அது எந்த ஆதிப்புள்ளியைச் சேர்ந்தது என்று அது சொல்வதில்லை. அதை ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு இருப்பவர்களுக்கு, இயந்திர உதிரிபாகங்கள் வரைய இதை முழு மனதோடு பரிந்துரைக்கலாம். நில அளவை ஆயங்களை அப்படியே உள்ளே கொண்டுவர நினைப்பவர்கள் மட்டும், கீழே அதைப் பற்றி வரும் பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பெட்டி மூலையில், உருளை நடுவில்

பைதானில் வடிவங்களைச் செய்து தரும் பார்ட் மாட்யூலின் மேக்பாக்ஸ், பெட்டியின் ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் வைத்து நேர்த்திசையில் வளர்க்கிறது. மேக்சிலிண்டர், அடிவட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியில் வைத்து இசட் திசையில் எழுப்புகிறது. மேக்ஸ்பியரும் மேக்டோரஸும் தங்கள் மையத்தையே அங்கே வைக்கின்றன. ஆக, நான்கு வடிவங்களுக்கு மூன்று விதமான பழக்கம். எழுதியே வரையும் இன்னொரு மென்பொருளான ஓப்பன்எஸ்கேட்டிலும் இதே பழக்கம்தான் என்றாலும், பெட்டியையும் உருளையையும் மையத்தில் வைக்க அங்கே சென்டர் என்ற ஒரு சொல் போதும். பைதான் நூலகமான கேட்குவெரியில் பெட்டி, கேட்காமலே மூன்று அச்சிலும் நடுவில் வந்து உட்காரும். ஃப்ரீகேட்டின் மேக்பாக்ஸுக்கு அந்த வசதியே இல்லை. கேட்குவெரியில் எழுதியதை வரிக்கு வரி ஃப்ரீகேட்டுக்கு மாற்றினால், ஒவ்வொரு பெட்டியும் தன் நீளம், அகலம், உயரத்தில் பாதி தள்ளிப் போய்விடும். சின்னக் குறைதான், ஆனால் தினமும் எதிர்ப்படும் குறை.

ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்பதை இந்தப் பழக்கங்களிடம் விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். நீமா 17 ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்த ஒரு தகடு வேண்டும். மோட்டாரின் முகம் 42.3 மி.மீ. சதுரம். நான்கு எம்3 திருகுகள் 31 மி.மீ. இடைவெளியில். நடுவில் 22 மி.மீ. விட்டமுள்ள மேடு. தகடு 60-க்கு 60, கனம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

மேக்பாக்ஸ் கொடுத்தபடியே மூலையை ஆதிப்புள்ளியாக ஏற்றுக்கொண்டால் துளைகள் 14.5, 45.5 என்ற எண்களில் விழும். நடுத்துளை 30, 30-ல். மோட்டாரின் 31 இந்த எண்களில் எங்கேயும் தென்படாது. நாளை தகட்டை 70 ஆக்கினால் எல்லா எண்ணையும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்த மறந்தாலும் தகடு குப்பைக்குத்தான். மோட்டாரின் சுழல் அச்சையே ஆதிப்புள்ளியாக வைத்தால் துளைகள் கூட்டலிலும் கழித்தலிலும் 15.5. தகடு எவ்வளவு பெரிதானாலும் அவை அசையாது. மோட்டாரை 45 டிகிரி திருப்பிப் பொருத்த வேண்டுமா? துளைகளை ஆதிப்புள்ளியைச் சுற்றித் திருப்பினால் போதும், அவை 21.92 மி.மீ. ஆரத்தில் அப்படியே சுற்றி வந்துவிடும். பாகம் எதனோடு பொருந்துகிறதோ அந்த இடத்தில்தான் ஆதிப்புள்ளி இருக்க வேண்டும். மூலை என்பது மென்பொருளின் வசதி மட்டுமே.

செய்முறை இது. மேக்பாக்ஸுக்கு 60, 60, 5 கொடுத்து, நான்காவதாகத் தொடக்கப்புள்ளியை (-30, -30, 0) என்று கொடுக்கவும். நடுத்துளைக்கு மேக்சிலிண்டரில் ஆரம் 11.25, உயரம் 7, தொடக்கம் (0, 0, -1). திருகுத் துளைகளுக்கு 1.7, அதே உயரம், அதே இசட். இரண்டு எச்சரிக்கைகள். மேக்சிலிண்டர் கேட்பது ஆரம், வரைபடத்தில் இருப்பது விட்டம், 3.4 என்று அப்படியே எழுதினால் 6.8 மி.மீ. துளை கிடைக்கும். இரண்டாவது, உருளையை இசட் 0-ல் தொடங்கி 5-ல் முடிக்காமல், இரண்டு பக்கமும் 1 மி.மீ. வெளியே நீட்டுவது நல்லது. அடியில் இருக்கும் ஓப்பன் கேஸ்கேட் கெர்னல் (வடிவக் கணக்கைப் போடும் உள் நிரல்), ஒரே தளத்தில் படியும் முகங்களைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் சாய்ந்த தகடுகளில் கழித்தல் தோற்கும்போது, காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்க நேரும்.

சுட்டுவிட்ட இடமும் கழற்றி மாட்டும் இடமும்

மேலே தொடக்கப்புள்ளியைக் கொடுத்த விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் இடம் வடிவத்தின் உள்ளேயே பதிந்துவிடும். வடிவம் எங்கே, எப்படித் திரும்பி நிற்கிறது என்று சொல்லும் பிளேஸ்மென்ட்டைக் கேட்டால் பூஜ்யம் என்றே பதில் வரும். பெட்டியை ஆதிப்புள்ளியில் செய்துவிட்டுப் பிளேஸ்மென்ட்டை (-30, -30, 0) என்று மாற்றினால், திரையில் அதே படம் தெரியும், ஆனால் உள்ளிருக்கும் கணக்கு வேறு. களிமண்ணில் பிசைந்து சுட்டுவிட்ட பிடியும், திருகில் கழற்றி மாட்டும் பிடியும் போல.

வித்தியாசம் திருப்பும்போதுதான் தெரியும். (100, 0, 0) என்ற தொடக்கப்புள்ளியைக் கொடுத்துச் செய்த பெட்டிக்கு, பிளேஸ்மென்ட்டில் இசட் அச்சைச் சுற்றி 90 டிகிரி ரொட்டேஷன் கொடுத்தால், அது தன் மூலையைச் சுற்றித் திரும்பாது. 100 மி.மீ. தள்ளியிருக்கும் ஆதிப்புள்ளியைச் சுற்றி வீசியடித்ததுபோல் போய், (0, 100, 0) பக்கம் விழும். பெட்டியை ஆதிப்புள்ளியில் செய்து, நகர்த்தலையும் பிளேஸ்மென்ட்டிலேயே வைத்திருந்தால், அது நின்ற இடத்திலேயே திரும்பியிருக்கும். ஆக, நல்ல பழக்கம் இது: பாகத்துக்குள் துளை, பள்ளம், மேடு எங்கே என்பதைத் தொடக்கப்புள்ளியில் பதியுங்கள், முழுப் பாகம் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பிளேஸ்மென்ட்டில் மட்டும் வையுங்கள். இரண்டையும் ஒரே பாகத்துக்குள் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

வேறொரு புள்ளியைச் சுற்றித்தான் திருப்ப வேண்டும் என்றால், பிளேஸ்மென்ட்டை உருவாக்கும்போது மூன்றாவதாக மையப்புள்ளியைக் கொடுக்க வழி இருக்கிறது. இது பலர் கவனிக்காமல் விடும் நல்ல வசதி. இது தெரியாமல், நகர்த்தி, திருப்பி, திரும்ப நகர்த்தி என்று மூன்று வரி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வடிவத்தை நகர்த்த டிரான்ஸ்ஃபார்ம்ஜியோமெட்ரியைப் பயன்படுத்தக் கூடாது. அது வட்டங்களையும் உருளைகளையும் பிஸ்பிளைன் என்ற பொதுவான வளைபரப்புகளாக மாற்றிவிடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிறகு துளையின் ஆரத்தைக் கேட்டால் பதில் இருக்காது, இயந்திரத்தில் வெட்டுவதற்கான கேம் வேலையில் துளையைத் துளையாக அடையாளம் காணவும் முடியாது. வெறும் நகர்த்தலுக்கும் திருப்பலுக்கும் பிளேஸ்மென்ட்டே போதும்.

பெருக்கும் வரிசை

இரண்டு பிளேஸ்மென்ட்டுகளைப் பெருக்கும்போது வலப்பக்கம் இருப்பதுதான் முதலில் நடக்கும். இடதில் எக்ஸ் திசையில் 100 நகர்த்தல், வலதில் இசட்டைச் சுற்றி 90 டிகிரி என்றால், பாகம் நின்ற இடத்தில் திரும்பிவிட்டு 100 நகரும். மாற்றி எழுதினால் முதலில் நகர்ந்து, பிறகு ஆதிப்புள்ளியைச் சுற்றும்; முடிவில் நிற்பது (0, 100, 0)-ல். கணிதத்தில் மேட்ரிக்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஸ்கிரிப்டை இடமிருந்து வலமாகப் படிக்கும் கண் ஒவ்வொரு முறையும் இதில் தடுக்கி விழும். ஒரு பிளேஸ்மென்ட்டுக்குள்ளேயே பேஸும் (நகர்த்தல்) ரொட்டேஷனும் (திருப்பல்) சேர்ந்து இருக்கும்போது முதலில் திருப்பல், பிறகுதான் நகர்த்தல். இதில் மாற்றமே இல்லை.

கோண அலகில் ஒரு குழி இருக்கிறது. ரொட்டேஷனை உருவாக்கும்போது கோணத்தை டிகிரியில் கொடுக்கிறோம். அதே ரொட்டேஷனிடம் ஆங்கிள் என்ன என்று கேட்டால் ரேடியனில் சொல்லும். 90 கொடுத்தால் 1.5708 திரும்பி வரும். அந்த எண்ணை அப்படியே இன்னொரு ரொட்டேஷனுக்குக் கொடுத்தால், ஒன்றரை டிகிரி சாய்ந்த ஒரு பாகம் கிடைக்கும். அவ்வளவு சின்னச் சாய்வு திரையில் தெரியவே தெரியாது. டிகிரியிலேயே வேண்டும் என்றால் டுஆய்லர் கேட்கலாம். அது யா, பிட்ச், ரோல் என்ற வரிசையில், அதாவது இசட், ஒய், எக்ஸ் என்று மூன்றையும் டிகிரியில் தரும். கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஒரே அலகு இல்லாத இந்த ஏற்பாடு, ஃப்ரீகேட்டில் மன்னிக்க முடியாத குறைகளில் ஒன்று.

இன்னொன்று. வெக்டரின் ஆட், சப் இரண்டும் புது வெக்டரைத் தரும். மல்டிப்ளையும் நார்மலைஸும் இருக்கிற வெக்டரையே மாற்றிவிடும். ரொட்டேஷன், பிளேஸ்மென்ட் ஆகியவற்றின் மல்டிப்ளை மறுபடியும் புதிதாகத் தரும். ஒரே பெயர், இரண்டு குணம். துளைகளின் திசையை ஒரு வெக்டரில் வைத்துக்கொண்டு, லூப்புக்குள் அதை மல்டிப்ளை செய்தால் இரண்டாவது துளையிலிருந்து எல்லாம் ஓடிப்போகும். நட்சத்திரக் குறியால் பெருக்குவதே பாதுகாப்பு. அது எப்போதும் புதியதைத்தான் தரும்.

எந்த வீட்டின் திண்ணையிலிருந்து

ஃப்ரீகேட்டில் பாகங்களை அடுக்க பாடி, பார்ட் (மேலே வந்த மாட்யூல் அல்ல, அதே பெயரில் ஒரு கொள்கலன்), சாதாரண குரூப் என்று கொள்கலன்கள் உண்டு. மரம்போல் விரியும் பட்டியலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரிகின்றன. குரூப்புக்குச் சொந்தமாக இடம் கிடையாது. உள்ளே போட்டால் எந்த எண்ணும் மாறாது. பாடிக்கும் பார்ட்டுக்கும் சொந்தப் பிளேஸ்மென்ட் உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் பிளேஸ்மென்ட்டும் அந்தக் கொள்கலனின் ஆதிப்புள்ளியிலிருந்து அளந்தது. நகர்ந்து நிற்கும் ஒரு பார்ட்டுக்குள் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு பொருளைச் சேர்த்தால், அதன் எண்கள் அப்படியே இருக்கும், ஆனால் பொருள் திரையில் எகிறிக் குதிக்கும். அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து பத்தடி என்று சொன்னதை நம் வீட்டுத் திண்ணையிலிருந்து அளந்ததுபோல.

உலக ஆதிப்புள்ளியிலிருந்து அளந்த இடம் வேண்டுமானால் கெட்குளோபல்பிளேஸ்மென்ட் இருக்கிறது. இங்கேதான் ஃப்ரீகேட் ஸ்கிரிப்டுகளில் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு நடக்கிறது. ஒரு பொருளின் ஷேப்பை, அதாவது வடிவத்தை, கேட்டால், அதில் அந்தப் பொருளின் சொந்தப் பிளேஸ்மென்ட் ஏற்கெனவே சேர்ந்தே வரும். அதன் ஒரு முனைப்புள்ளியை எடுத்து, பொருளின் குளோபல் பிளேஸ்மென்ட்டால் பெருக்கினால், சொந்தப் பிளேஸ்மென்ட் இரண்டு முறை சேர்ந்துவிடும். பொருள் தன் கொள்கலனின் ஆதிப்புள்ளியிலேயே இருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. சோதித்துப் பார்க்கிற மாடலில் எல்லாம் சரியாகவே வரும். உண்மையான வேலையில் முதல் பாகத்தை 50 மி.மீ. நகர்த்திய அன்றுதான் துளை 50-க்குப் பதில் 100 மி.மீ. தள்ளி விழும்.

சரியான வழி: குளோபல் பிளேஸ்மென்ட்டை, பொருளின் சொந்தப் பிளேஸ்மென்ட்டின் இன்வர்ஸால் (எதிர்மாற்றத்தால்) வலப்பக்கம் பெருக்க வேண்டும். கிடைப்பது கொள்கலனின் குளோபல் இடம். அதன் மல்ட்வெக்கில் ஷேப்பின் புள்ளியைக் கொடுத்தால் உலகப் புள்ளி கிடைக்கும். எதிர்த்திசையில் போக, அதே பிளேஸ்மென்ட்டின் இன்வர்ஸ். இந்த இரண்டு வரியையும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக எழுதாமல், இரண்டு ஃபங்ஷனாக ஒரு தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாறிகளுக்கு வெறுமனே புள்ளி என்று பெயர் வைக்காமல் உலகப்புள்ளி, பாடிப்புள்ளி, ஸ்கெட்ச்புள்ளி என்று வையுங்கள். மென்பொருள் சொல்லாததைப் பெயர் சொல்லட்டும்.

லிங்க் மூலம் ஒரே பாகத்தை நான்கு இடங்களில் காட்டும்போது கெட்குளோபல்பிளேஸ்மென்ட் கைகொடுக்காது. மூலப் பொருளுக்குத் தன்னை எந்த லிங்க் எங்கே காட்டுகிறது என்பது தெரியாது. அங்கே அந்த லிங்க்கின் பிளேஸ்மென்ட்டிலிருந்து தொடங்கி, உள்ளே இறங்கிப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

பாடியின் தளங்கள்

பாடி ஒன்றை உருவாக்கினால் அதற்குள் ஒரு ஆரிஜின் பிறக்கிறது. மூன்று அச்சு, மூன்று தளம். ஸ்கெட்ச்சை (தட்டையான வரைவை) எக்ஸ்ஒய் பிளேனில் ஒட்ட வேண்டும் என்று டாகுமென்ட்டிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினால், ஒரே பாடி உள்ள கோப்பில் சரியாக ஓடும். இரண்டாவது பாடியின் தளத்துக்குப் பெயர் எக்ஸ்ஒய் பிளேன்001. ஸ்கிரிப்ட் பழைய பெயரையே கேட்டால், இரண்டாவது பாடியின் ஸ்கெட்ச் முதல் பாடியின் தளத்தில் போய் ஒட்டும். பெயரை நம்பக் கூடாது. அந்த பாடியின் ஆரிஜினுக்குள் போய், ஆரிஜின்ஃபீச்சர்ஸ் பட்டியலில் ரோல் (பொறுப்பு) என்ற பண்பு எக்ஸ்ஒய் பிளேன் என்று இருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். பட்டியலில் நான்காவது என்று எண்ணி எடுப்பவர்களும் உண்டு. ரோல் பார்ப்பதே நல்லது.

ஒட்டும் பண்பின் பெயர் 0.21 வரை சப்போர்ட், 1.0-ல் அட்டாச்மென்ட்சப்போர்ட். இரண்டு பதிப்பிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட், ஸ்கெட்ச்சின் பண்புப் பட்டியலில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். ஒட்டிய பிறகு ஸ்கெட்ச்சின் பிளேஸ்மென்ட்டை மாற்றுவது வீண். அடுத்த ரீகம்ப்யூட்டில் (மறுகணக்கில்) அது அழிந்து பழைய இடத்துக்கே போகும். தளத்திலிருந்து 20 மி.மீ. உயர்த்த வேண்டுமானால் அட்டாச்மென்ட்ஆஃப்செட்டின் இசட்டை 20 ஆக்க வேண்டும். அந்த இசட், உலகத்தின் இசட் அல்ல. ஸ்கெட்ச்சின் செங்குத்துத் திசை.

அந்தத் திசையிலும் கவனம் வேண்டும். எக்ஸ்ஒய் தளத்தில் செங்குத்து, இசட்டின் நேர்த்திசை. ஒய்இசட் தளத்தில் எக்ஸின் நேர்த்திசை. எக்ஸ்இசட் தளத்தில் மட்டும் ஒய்யின் எதிர்த்திசை. ஸ்கெட்ச்சின் கிடை உலக எக்ஸோடும், அதன் நிமிர்வு உலக இசட்டோடும் பொருந்த வேண்டும் என்பதால் வலக்கை விதி அப்படித்தான் முடியும், தவறு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தளத்திலும் 20 மி.மீ. பேட் (ஸ்கெட்ச்சிலிருந்து எழும் கனவடிவம்) எழுப்பும் ஸ்கிரிப்டில் ஒன்று மட்டும் பின்பக்கம் வளரும்போது, காரணம் இதுதான்.

ஒட்டுவதற்கு ஃபேஸ்6 போன்ற முகங்களைவிட ஆரிஜின் தளமும் ஆஃப்செட்டுமே மேல். 1.0-ல் முகப் பெயர்கள் முன்பைவிடத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் ஸ்கிரிப்டில் ஃபேஸ்6 என்று எழுதினால், படிக்கிறவருக்கு அது மேல்முகமா பக்கமுகமா என்று தெரியாது. 20 மி.மீ. ஆஃப்செட் என்று எழுதினால் தெரியும். அந்த 20-ஐ செட்எக்ஸ்பிரஷன் மூலம் ஸ்பிரெட்ஷீட்டின் ஒரு அலையஸோடு (பெயரிட்ட கட்டத்தோடு) கட்டிவிட்டால், கனம் மாறும்போது ஸ்கெட்ச்சும் கூடவே ஏறும்.

ஸ்கெட்ச்சுக்குள் ஆதிப்புள்ளி கையாளப்படும் விதம், இந்த மென்பொருளிலேயே மிகத் தெளிவானது. வடிவ எண் -1 கிடை அச்சு, -2 நிமிர் அச்சு, -1-ன் புள்ளி 1 ஆதிப்புள்ளி. வெளியிலிருந்து எடுத்த கோடுகள் -3-லிருந்து கீழே போகும். வட்டத்தின் மையத்தை, அதாவது புள்ளி 3-ஐ, -1-ன் புள்ளி 1-ஓடு கோஇன்சிடென்ட் செய்தால் (ஒன்றாக்கினால்) வட்டம் ஆதிப்புள்ளியில் உறுதியாக நிற்கும். செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகளை அதே புள்ளியைச் சுற்றி சிமெட்ரிக் ஆக்கினால், அளவு மாறினாலும் நடு மாறாது. ஆயங்களை எண்ணாக எழுதி ஸ்கெட்ச்சை அப்படியே விடுவதைவிட, இந்த இரண்டு கட்டுப்பாடுகள் எவ்வளவோ மேல்.

ஆதிப்புள்ளியை விட்டு வெகுதூரம் போனால்

நில அளவையிலிருந்து வரும் வரைபடங்கள் பலவும் யு.டி.எம். ஆயங்களில், அதாவது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறையில், இருக்கும். சென்னை 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. அங்கே வடக்கு ஆயம் சுமார் 1,446 கி.மீ. ஃப்ரீகேட் உள்ளுக்குள் எல்லாவற்றையும் மி.மீ.-ல்தான் வைக்கும், திரையில் எந்த அலகு தெரிந்தாலும் சரி. ஆக அந்த ஆயம் 144 கோடியே 60 லட்சம் என்ற எண்ணாகும்.

திரையில் வரைந்து காட்டும் காயின்3டி, 32 பிட் மிதவை எண்களில் வேலை செய்கிறது. 107 கோடிக்கும் 214 கோடிக்கும் நடுவில் அந்த எண்களின் அடுத்தடுத்த படிகள் 128 விலகி இருக்கும். அதாவது 144 கோடியில் நிற்கும் ஒரு சுவரின் மூலை, திரையில் 128 மி.மீ. கட்டங்களுக்குத்தான் போக முடியும். சுவர் நடுங்கும், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டும், பெரிதாக்கினால் எல்லாம் கலங்கும். படம்தானே கெடுகிறது என்று விடவும் முடியாது. கெர்னலின் 64 பிட் கணக்கிலும் அந்தத் தூரத்தில் ஒரு படி சுமார் 0.00000024 மி.மீ. ஓப்பன் கேஸ்கேட் இரண்டு புள்ளிகளை ஒன்றென்று கருதும் அளவோ 0.0000001 மி.மீ. எண்ணின் படியே அனுமதிக்கப்பட்ட பிழையைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த நிலையில் வடிவங்களைக் கூட்டலும் கழித்தலும் தோற்பதில் ஆச்சரியமில்லை.

மருந்து எளியது. மனையின் ஒரு மூலையையோ ஏதாவது ஒரு பெஞ்ச்மார்க்கையோ அடிப்புள்ளியாக எடுங்கள். இறக்குமதி செய்யும்போதே எல்லா ஆயத்திலிருந்தும் அதைக் கழியுங்கள். கழித்த எண்ணை அதே கோப்பின் ஸ்பிரெட்ஷீட்டில், எந்த மண்டலம் என்பதோடு சேர்த்து எழுதி வையுங்கள். கட்டட மாடல்களுக்கான ஐ.எஃப்.சி. 4 கோப்பு வடிவத்தில் இதற்கென்றே மேப்கன்வெர்ஷன் என்ற அமைப்பு இருக்கிறது. கிழக்கு, வடக்கு, உயரம் மூன்றையும் அதில் வைக்கலாம், மாடல் ஆதிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும். மனையின் மூலையைக் கழிக்கும்போது முழு மீட்டருக்கு வெட்டிய எண்ணைக் கழிப்பது நல்லது. தசமங்களோடு கழித்தால், பிறகு கையால் சரிபார்க்கிறவருக்குத் தலைவலி.

ஆட்டோகேட் பழகியவர்களுக்கு

ஆட்டோகேட்டின் ஸ்கிரிப்ட் மொழியான ஆட்டோலிஸ்ப்பில் எழுதிப் பழகியவர்கள் ஃப்ரீகேட்டுக்கு வரும்போது ஒரு பெரிய சுமை இறங்கும். அங்கே கமாண்ட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் புள்ளி நடப்பு யு.சி.எஸ்.-ல் (பயனர் வைத்த ஆய முறையில்) அளந்தது, பொருளை நேரடியாக உருவாக்கும் என்ட்மேக்குக்குக் கொடுப்பது அப்படியல்ல. கோடு உலக ஆயத்தில் சேமிக்கப்படும். வட்டம், வில், தட்டையான பாலிலைன் ஆகியவை தத்தம் பொருள் ஆயத்தில், அதாவது ஓ.சி.எஸ்.-ல், 210 என்ற திசைக் குறியோடு சேமிக்கப்படும். அந்தத் திசை (0, 0, -1) என்று இருந்தால், வட்டத்தின் மைய எக்ஸ் குறி மாறிச் சேமிக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ் ஃபங்ஷனில் 0 உலகம், 1 யு.சி.எஸ்., 2 திரை என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். போதாததற்கு ஆப்ஜெக்ட் ஸ்னாப் இயங்கிக்கொண்டிருந்தால், கமாண்டுக்குக் கொடுத்த துல்லியமான புள்ளியையும் பக்கத்து முனைக்கு இழுத்துவிடும். ஸ்னாப்பை அணைக்க ஆஸ்மோடை 0 ஆக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஃப்ரீகேட்டில் இவை எதுவும் கிடையாது. வொர்க்கிங் பிளேன் என்று டிராஃப்ட் வொர்க்பெஞ்சில் ஒன்று இருந்தாலும், பார்ட் ஸ்கிரிப்டின் எண்களை அது தொடுவதில்லை. ஒரு எண்ணின் அர்த்தம் அது எந்தக் கொள்கலனுக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையில் அந்த நேரத்தில் என்ன நிலை என்பதைப் பொறுத்ததல்ல. ஸ்கிரிப்டுக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. ஆனால் ஆட்டோகேட்டிலிருந்து டி.எக்ஸ்.எஃப். கோப்பை எடுத்துப் பைதானில் நேரடியாகப் படிக்கிறவர்கள் அந்த 210-ஐ மறக்கக் கூடாது. இசட்டிஎக்ஸ்எஃப் (ezdxf) என்ற பைதான் நூலகத்தில் ஓ.சி.எஸ்.-ஐ உலக ஆயமாக்கும் வழி இருக்கிறது. அதைக் கடக்காமல் மையத்தை எடுத்தால், கண்ணாடியில் பார்த்ததுபோல் சில துளைகள் மட்டும் இடப்பக்கம் போய்விடும்.

கேட்குவெரி பற்றியும் ஒரு வார்த்தை. முகத்தைத் தேர்ந்து வொர்க்பிளேன் திறந்தால் அதன் ஆதிப்புள்ளி முகத்தின் நடு என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய பதிப்புகளில் முந்தைய ஆதிப்புள்ளியை அந்தத் தளத்தில் நிழலாக விழச் செய்த இடம்தான் அது. சென்டர்ஆஃப்மாஸ் கேட்டு வாங்கலாம்; ஆனால் முகத்தில் ஒரு பக்கமாகத் துளையிட்டதும் அந்த மையம் நகரும், அடுத்து வரும் எல்லாம் அதோடு நகரும். எழுதச் சுருக்கமாக இருப்பது கேட்குவெரியின் பலம். எங்கே நிற்கிறோம் என்பதை வரி வரியாகக் கைவசம் வைத்திருக்க ஃப்ரீகேட்டே எளிது.

கடையில் வெட்டும்போது

கேம் வொர்க்பெஞ்ச் எழுதும் ஜி-கோட் (வெட்டும் இயந்திரத்துக்கான கட்டளைகள்), டாகுமென்ட்டின் ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கும். மேலே செய்த மோட்டார் தகட்டில் அடிமுகம் இசட் 0, மேல்முகம் இசட் 5. இயந்திரம் ஓட்டுகிறவர் அதன் வேலைப் பூஜ்யமான ஜி54-ஐத் தகட்டின் மேல்முகத்தில் தொட்டு எடுத்தால், வெட்டு 5 மி.மீ. உயரத்தில் காற்றில் நடக்கும். நேரம் மட்டும்தான் வீண். தலைகீழாக நடந்தால் ஆபத்து: மேல்முகத்தை 0 என்று எழுதிய ஜி-கோடுக்கு, அவர் மேஜையைத் தொட்டு 0 எடுத்தால், துளை போடும் கட்டர் மேஜைக்குள் 5 மி.மீ. இறங்கும். கடையில் எங்கே தொட்டு எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, வெட்டுவதற்கான கோப்பில் மட்டும் பாகத்தின் பிளேஸ்மென்ட்டை மாற்றி அந்த இடத்தை ஆதிப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூல மாடலின் ஆதிப்புள்ளி மோட்டார் அச்சிலேயே இருக்கட்டும்.

3டி பிரிண்டுக்குப் போகும் எஸ்.டி.எல்.-ல் அலகும் இல்லை. ஸ்லைசர் பாகத்தைத் தானாகப் படுக்கையின் நடுவில் வைத்துவிடுவதால், ஆதிப்புள்ளியில் தவறு இருந்தாலும் தெரியாது. ஒன்றாகப் பொருந்த வேண்டிய இரண்டு பாகங்களைத் தனித்தனிக் கோப்பாக அனுப்பினால் மட்டும் அவற்றுக்கிடையேயான இடம் தொலையும்.

ஸ்கிரிப்டின் கடைசியில் வைக்க வேண்டிய சோதனை மூன்று வரிதான். முடிந்த ஷேப்பின் பவுண்ட்பாக்ஸை (அது அடங்கும் பெட்டியை) எடுத்து, மோட்டார் தகட்டுக்கு எக்ஸ் குறைந்தது -30, கூடியது 30, இசட் 0 முதல் 5 என்று சரிபாருங்கள், 0.001 மி.மீ.-க்கு மேல் விலகினால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். வளைந்த பரப்புகளில் பவுண்ட்பாக்ஸ் சற்றுப் பெருத்துக் காட்டும். அங்கே ஆப்டிமல்பவுண்டிங்பாக்ஸ் கேளுங்கள். பிறகு கன அளவையும் பாருங்கள். 60-க்கு 60-க்கு 5 என்ற தகடு 18,000 கன மி.மீ.; 22.5 விட்டத் துளை சுமார் 1,988, நான்கு 3.4 விட்டத் துளைகள் சேர்ந்து சுமார் 182. மிச்சம் 15,830-ஐ ஒட்டி வர வேண்டும். 18,000 என்றே வந்தால் துளைகள் எல்லாம் தகட்டுக்கு வெளியே விழுந்திருக்கின்றன. வெளியே எழுதிய ஸ்டெப் கோப்பைத் திரும்பத் திறந்தும் இதே சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். பார்ட்டுக்குள் இருந்த பாகத்தைத் தனியாக எழுதும்போது கொள்கலனின் இடம் கூடவே வந்ததா என்பது அப்போதுதான் உறுதியாகும்.